கேள்வி கேட்காமல் கொடுத்த அறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்காக உங்கள் நாளிதழ் வெளியிடும் பக்கத்தை இங்கிருந்தபடியே தவறாமல் படிக்கிறேன். கல்விக் கட்டணம், விசா, வங்கிக் கடன், மொழித் தேர்வு, படிப்பு முடிந்ததும் கிடைக்கக்கூடிய வேலை என எல்லாவற்றையும் விரிவாக எழுதுகிறீர்கள். போய் இறங்கிய இரவில் பிள்ளை எங்கே படுக்கும் என்பது மட்டும் கடைசிப் பத்தியில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. தங்குமிடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்கிறீர்கள். அந்த ஏற்பாடு எப்படிப்பட்டது, அது சரியாக அமைந்தால் ஒரு மாணவியின் வாழ்க்கை என்னவாகிறது என்று எழுதத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையைச் சேர்ந்தவள். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், தலைநகர் சேன் தெனியில், பல்கலைக்கழகத்தின் மூஃபியா வளாகத்தில் தாவரவியல் முதுகலை படிக்கிறேன். 2024 ஆகஸ்டில் வந்தேன். அன்றிலிருந்து அரசு நடத்தும் மாணவர் குடியிருப்பில்தான் இருக்கிறேன்.

முதலில் தனியார் வீடுகளைத்தான் தேடினேன். அப்பாவின் நண்பர்கள் அப்படித்தான் சொன்னார்கள். "கவர்ன்மென்ட் ஹாஸ்டல் எல்லாம் வேண்டாம், நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது நம் ஊரில் யாரும் யோசிக்காமல் சொல்லும் அறிவுரை. பிரான்சில் வீடு வாடகைக்கு வேண்டுமென்றால் ஜாமீன்தாரர் ஒருவர் வேண்டும். அவர் பிரான்சில் சம்பாதிப்பவராக இருக்க வேண்டும், அவருடைய மாதச் சம்பளம் வாடகையைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். என் அப்பா அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கையெழுத்துக்கு முத்தியால்பேட்டையில் மதிப்பு உண்டு. இங்கே அதை வாங்கிப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

அப்போதுதான் 'க்ரூஸ்' அலுவலகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். மாணவர்களின் தங்குமிடம், உணவு, உதவித்தொகை மூன்றையும் கவனிப்பதற்கென்று 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரான்ஸ் அமைத்த அரசு அமைப்பு இது. ரீயூனியனிலும் அதற்கு அலுவலகம் உண்டு. ஜாமீனுக்கு 'வீசால்' என்ற திட்டம் இருக்கிறது. முப்பது வயதுக்கு உட்பட்டவர் விண்ணப்பித்தால், வாடகை கட்ட முடியாமல் போனாலும் அந்தத் திட்டமே வீட்டுக்காரருக்குப் பொறுப்பேற்கிறது. இதற்கு ஒரு காசும் வாங்குவதில்லை. பாஸ்போர்ட், மாணவர் விசா, கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றை அனுப்பினேன். சில நாட்களில் சான்றிதழ் வந்தது. அதைக் காட்டியதும் அறை கிடைத்தது. வாடகை 300 யூரோவுக்குள். நான் சேர்ந்த ஆண்டில் அதிலும் ஒரு பகுதியைக் குடும்ப நல நிதியின் வாடகை உதவி ஏற்றுக்கொண்டது.

அறை ஒன்பது சதுர மீட்டர். பிரெஞ்சுச் சட்டம் பொதுவாக இதற்குக் குறைவான இடத்தை வீடு என்று வாடகைக்கு விட அனுமதிப்பதில்லை. ஒரு கட்டில், ஜன்னலோரம் மேசை, புத்தகம் அடுக்கப் பலகை, சிறிய ஃபிரிட்ஜ், மூலையில் குளியலறை என்று எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. இதைப் படித்துவிட்டு யாராவது, இதற்கா இவ்வளவு பாராட்டு என்று நினைக்கலாம். நான் பாராட்டுவது அறையின் அளவை அன்று. அது எனக்குக் கொடுக்கப்பட்ட முறையைப் பாராட்டுகிறேன்.

சாவி வாங்கிய காலையை விவரமாகச் சொல்ல வேண்டும். குடியிருப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நடுவயதுப் பெண்மணி ஒருவர் கையில் அட்டையும் தாளும் வைத்துக்கொண்டு என்னோடு அறைக்கு வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், பூட்டினார். ஜன்னலின் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீர் சூடாகும் வரை கையை நீட்டிக்கொண்டிருந்தார். கழிவறையில் தண்ணீர் விட்டுப் பார்த்தார். மெத்தையைத் தூக்கி அடியில் பார்த்தார். அலமாரிக் கதவில் ஒரு கீறல் இருந்தது. அதன் நீளத்தை விரலால் அளந்து, "பழைய கீறல், பன்னிரண்டு சென்டிமீட்டர்" என்று எழுதினார். மேசையின் விளிம்பில் ஓரிடம் பெயர்ந்திருந்ததை நான் காட்டினேன். அதையும் எழுதினார். பிறகு இருவரும் கையெழுத்துப் போட்டோம், ஆளுக்கு ஒரு பிரதி. அறையைக் காலி செய்யும்போது இதே தாளை வைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பார்கள், அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீறலுக்காக என் முன்பணத்திலிருந்து யாரும் எதுவும் பிடிக்க முடியாது. முன்பணம் ஒரு மாத வாடகைதான்.

அந்த அரை மணி நேரத்தில் அவர் என்னைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தபால் பெட்டியில் என் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று.

இளங்கலை படித்தபோது சென்னையில் அறை தேடி அலைந்திருக்கிறேன். எந்த வீடு, எந்தத் தெரு என்பதெல்லாம் வேண்டாம். திண்ணையில் நிற்க வைத்தே கேள்விகள் வரும். சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், நீங்கள் என்ன ஆட்கள், கவுச்சி உண்டா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள், அண்ணன் தம்பி என்று யாராவது வந்து போவார்களா? பதில் பிடிக்காவிட்டால், "இப்போதுதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்" என்பார்கள். பிடித்துவிட்டால் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்கிறது. அந்த 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாக' என்ற வழியாகத்தான் பத்து மாதமும் உள்ளே வந்துவிடுகிறது. நான் காலி செய்தபோது, பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லி முன்பணத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். சுவர் எப்படி இருந்தது என்பதற்கு என்னிடம் தாள் எதுவும் இல்லை.

இங்கே என் மாடியில் இருப்பவர்கள் மடகாஸ்கர், கொமோரோ, மயோத், மொரீஷியஸ் என இந்தியப் பெருங்கடலின் பல தீவுகளைச் சேர்ந்தவர்கள். தீவின் தெற்கே மலையோர ஊர்களிலிருந்து வந்த உள்ளூர்ப் பிள்ளைகளும் உண்டு. சமையலறை பொது. மின் அடுப்பில் ஒரு குமிழ் இருக்கிறது. திருகி விட்டால் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தானாக அணைந்துவிடும். அது மறதிக்காரர்களுக்கான பாதுகாப்பு. ஆனால் பருப்பு வேகும் முன்பே அணைந்துவிடும் என்பதால் யாராவது ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இப்படி நின்றுதான் நாங்கள் எல்லோரும் பழகினோம். மொரீஷியஸ் பெண் பள்ளியில் தமிழ் படித்தவள். நிறுத்தி நிறுத்தி, எழுத்துக் கூட்டுவதுபோல் பேசுவாள். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஷோத்ரோன் சந்தைக்குப் போவோம். அங்கே முருங்கைக்கீரை கட்டுக்கட்டாகக் கிடைக்கும். இந்தத் தீவில் எல்லாச் சாதிசனமும் சமைக்கும் கீரை அது. அதைத் துவரம்பருப்போடு நான் சமைத்தால் மடகாஸ்கர் பையன் தட்டோடு வந்து நிற்பான். அவர்கள் ஊரிலும் முருங்கைக்கீரை சமைப்பார்களாம்.

2024 டிசம்பர் 14, சனிக்கிழமை. சீடோ புயல் மயோத் தீவின் மேல் ஏறியது. இங்கிருந்து ஏறத்தாழ 1,400 கி.மீ. தொலைவு. எங்களுக்கு அன்று காற்றுகூட அதிகம் இல்லை. என் எதிர் அறைப் பெண் மயோத்தைச் சேர்ந்தவள். தாய், தம்பிகள், பாட்டி எல்லோரும் அங்கே தகரம் வேய்ந்த வீட்டில் இருந்தார்கள். தொலைபேசிக் கம்பங்கள் விழுந்துவிட்டன. அங்கே யாரையும் கூப்பிட முடியவில்லை. விமான நிலையமும் சேதமடைந்து பயணிகள் விமானங்கள் நின்றன. அவள் சமையலறை நாற்காலியில் கைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறைக்குப் போகச் சொன்னால் மறுத்தாள். மற்ற மாடிகளிலிருந்த மயோத் மாணவர்களும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்குச் செய்தி வந்தால், அந்தத் தெருவில் இன்னும் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். இரவுக் காவலர், பத்து மணிக்குப் பூட்ட வேண்டிய சமையலறையை அந்த நாட்களில் பூட்டவே இல்லை. நாங்கள் முறைவைத்துச் சோறு வடித்தோம். அவளுடைய தாயின் குரல் வந்தபோது, பக்கத்து மாடிக்கும் கேட்கும்படி கத்தினாள்.

எங்கோ ஒரு வாடகை வீட்டில் அவள் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். என்னைப்பற்றியும் நினைத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் அடுத்து எங்கள் முறை வந்தது.

2025 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை, காரான்ஸ் புயல் ரீயூனியனின் வடக்கில் கரையேறியது. முந்தைய நாள் மாலையே சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பே குடியிருப்பு ஊழியர்கள் மாடி மாடியாக வந்து, ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, வாளிகளில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லி, மாடமுகப்பில் கிடந்த நாற்காலிகளையும் செடித்தொட்டிகளையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் போனார்கள். தீவில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டிய காற்று பதிவானது. லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது. எங்களுக்கும் போனது, தண்ணீரும் நின்றது. கட்டடம் அசையவில்லை. தானே புயல் 2011 டிசம்பரில் புதுச்சேரியைச் சின்னாபின்னமாக்கியதை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்தவள். காற்றின் ஓசை எனக்குப் புதிது அன்று. கான்கிரீட் சுவருக்குள், பெயர் தெரிந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து அதைக் கேட்டதுதான் புதிது. முத்தியால்பேட்டையில் அம்மா கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார் என்று பிறகு தம்பி சொன்னான். இணைய வசதி திரும்பியதும் நான் அவருக்கு அனுப்பிய முதல் படம், எங்கள் சமையலறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ரொட்டி தின்றுகொண்டிருந்த படம்.

குறை இல்லாத இடம் என்று நான் சொல்ல வரவில்லை. கரப்பான் பூச்சி உண்டு. பக்கத்து அறையில் தும்மினால் கேட்கும். லிஃப்ட் பழுதானால் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கேட்கிறவர்கள் எல்லோருக்கும் போதுமான அறைகள் இல்லை. என் வகுப்பில் சிலர் சேன் தெனிக்கு வெளியே வெகுதூரத்திலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்து வருகிறார்கள். ஆகவே விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று பெற்றோர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். சேர்க்கைக் கடிதம் வந்ததும் விமான டிக்கெட் விலையைப் பார்க்க உட்காராதீர்கள். முதலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் குடியிருப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

எங்கள் இரவுக் காவலரைப் பற்றி மேலே குறிப்பிட்டேன். அவர் இந்தத் தீவின் தமிழ் வம்சாவளியினர். தமிழ் பேசத் தெரியாது. ஆனால் ஆண்டுதோறும் காவடி எடுப்பவர், தீமிதி இறங்குபவர். நான் புதுச்சேரி என்று தெரிந்ததும், அவருடைய முன்னோர் கப்பல் ஏறிய ஊர் அது என்றார். 1848இல் இங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1860இல் இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பதற்குப் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஆயிரக்கணக்கானோர் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். வந்து இறங்கியவர்களைக் கிராந் ஷலூப் என்ற இடத்தில், கடலுக்கும் மலைக்கும் நடுவே உள்ள கட்டடங்களில் நோய்த்தடுப்புக் காவலில் வைத்தார்கள். அந்தக் கட்டடங்கள் இன்றும் இருக்கின்றன, போய்ப் பார்த்தேன். அங்கிருந்து விடுபட்டவர்கள் தோட்டங்களில் 'கல்பனோன்' எனப்படும் நீண்ட லயங்களில் அடைக்கப்பட்டார்கள். காவலரின் பாட்டி அப்படி ஒரு லயத்தில்தான் பிறந்தாராம். "ஓர் அறையில் இரண்டு குடும்பம், நடுவில் சாக்குத்துணி" என்றார். சொல்லிவிட்டு என் கையில் இருந்த சாவியைப் பார்த்து, "நல்லபடியாகப் படி" என்றார். அந்த மனிதர்கள் இங்கே படாத பாடு பட்டதால்தான், இன்று இந்த ஊர்ச் சந்தையில் முருங்கைக்கீரையும் கோயிலில் அம்மன் பெயரும் எனக்குக் கிடைக்கின்றன என்பதை நான் மறக்க மாட்டேன்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கொமோரோவைச் சேர்ந்த தோழி ஒருத்தி மருந்தியல் ஆய்வுக்கு இந்தியா வர ஆசைப்படுகிறாள். நம் அரசின் இந்தியப் பண்பாட்டுத் தொடர்புக் கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது, அதில் வீட்டு வாடகைப்படியும் சேர்ந்தே வருகிறது. அவள் அதையெல்லாம் படித்து வைத்திருக்கிறாள். ஒரு மாலை பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "உங்கள் ஊரில் என்னைப் போன்றவளுக்கு வீடு கொடுப்பார்களா?" அவள் கறுப்பினப் பெண், முஸ்லிம், தலையில் துணி கட்டுபவள். புதுச்சேரியிலும் சென்னையிலும் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்கள் வீடு தேடித் தெருத்தெருவாக நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பலகையில் 'டு-லெட்' தொங்கிக்கொண்டிருக்கும், அவர்களைக் கண்டதும் கதவு சாத்தப்படும். படியளக்கும் அரசு பணத்தை அனுப்பிவிடலாம், கதவைத் திறப்பவர் யார்? "விடுதியில் இடம் கேள், வெளியே தேடாதே" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் அரசு மாணவர் விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைப்பதாக 2025 ஜூலையில் அறிவிப்பு வந்ததைப் படித்து உண்மையிலேயே மகிழ்ந்தேன். பணிபுரியும் பெண்களுக்கான 'தோழி' விடுதிகளைப் பற்றியும் நல்ல செய்திகளே கேள்விப்படுகிறேன். இவற்றைக் கட்டத் தெரிந்த அரசுகளால் நான் கேட்பதையும் செய்ய முடியும்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகமும், வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் உட்பட முதலாமாண்டு மாணவர் யார் கேட்டாலும் விடுதியில் இடம் தருவதாக உறுதி கொடுக்க வேண்டும். வெளியே தங்குவோருக்கு அரசே ஜாமீன் நிற்கும் ஒரு திட்டம் வேண்டும். வீட்டுக்காரருக்கு வாடகை தவறாது வரும் என்ற நம்பிக்கை இருந்தால், பத்து மாத முன்பணம் கேட்கவும், நீங்கள் என்ன ஆட்கள் என்று துருவவும் அவருக்குச் சாக்கு இருக்காது. சாக்கு போன பிறகும் கேட்பவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். அறையின் நிலையை இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போடும் தாளுக்குச் செலவே கிடையாது. அதை நாளைக்கே தொடங்கலாம். எந்த விடுதிக் காப்பாளரும், எந்த வீட்டு உரிமையாளரும் தொடங்கலாம். என்னிடம் இருக்கும் தாளைத் தமிழில் மொழிபெயர்த்து இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் இருந்தால் வெளியிடுங்கள். இல்லாவிட்டால் கேட்கும் வாசகர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் நம் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்காத செய்தியை முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், போட வேண்டியதுதான். நம் ஊருக்குப் படிக்க வந்த பிள்ளைகளிடமும் ஒரு நாள் போய், எங்கே தங்கியிருக்கிறீர்கள், எவ்வளவு கொடுக்கிறீர்கள், எத்தனை வாசலில் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கொமோரோத் தோழி அடுத்த கல்வியாண்டுக்கு விண்ணப்பிக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
க. மா.,
முதுகலை மாணவி, மூஃபியா,
சேன் தெனி, ரீயூனியன்.